ரேடியோ டீச்சர் பேசாத பருவம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே ஒரு மரத்தட்டிதான் சுவர். தட்டிக்கு அந்தப் பக்கம் அக்கா அறிவியல் நடத்துவார். இந்தப் பக்கம் நான் கணக்கு. பல வருஷமாக என் பிள்ளைகள் கணக்கோடு சேர்த்து அறிவியலையும் இலவசமாகப் படித்தார்கள். ஒரு நாள் "முக்கோணத்துக்கு என்னென்ன பாகம் உண்டு?" என்று நான் கேட்க, கடைசி பெஞ்சிலிருந்து "இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல்" என்று பதில் வந்தது.

அக்கா என்று நான் கூப்பிடுவேனே தவிர, ஊருக்கெல்லாம் அவர் ரேடியோ டீச்சர். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும், கோபம் கிடையாது. "ரேடியோன்னா அணைக்கிற பட்டன் இருக்கும். இதுல அதைக் காணோம்" என்பார் அவர் வீட்டுக்காரர். லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக் அவர். ஒரு நாளைக்கு அவர் பேசுவது ஒரு கைப்பிடி வார்த்தை. அதில் பாதி இந்த மாதிரி கிண்டலாகத்தான் இருக்கும்.

அந்தக் குரல் அக்காவுக்கு அப்பாவழிச் சொத்து. அப்பா வண்டி தள்ளித் தெருத்தெருவாக பிளாஸ்டிக் வாளி விற்றவர். மேல்மாடியில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி கூவினால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். லீவு நாட்களில் அக்காவும் வண்டிக்குப் பின்னால் போய்க் கூவியிருக்கிறார். அந்த வீட்டில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவர் அவர்தான். அதனால் அவருக்கு ஒரு நம்பிக்கை: நன்றாகச் சொன்னால் யாருக்கும் புரியும். புரியவில்லையா, இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் சத்தமாக.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பலித்தது. பலிக்காதவர்கள் சிலர் எல்லா வருஷமும் இருந்தார்கள். அந்த வருஷம் அப்படி ஒருவன் ஸ்குரு. கையில் கிடைத்த பேனா, பூட்டு, ஜாமெட்ரி பாக்ஸ் எதையும் கழற்றிப் போட்டுவிடுவான் என்பதால் அந்தப் பெயர். பாடம் மட்டும் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விடும். இன்னொரு பக்கம் ஜட்ஜம்மா என்று பிள்ளைகள் பெயர் வைத்த பெண். கன்னத்தில் கை வைத்து, கண்ணை மூடி, தீர்ப்பு சொல்லப் போகிறவள் மாதிரி உட்கார்ந்து கேட்பாள். கேட்டதை வரி பிசகாமல் திருப்பிச் சொல்வாள். அக்காவுக்கு அவள் என்றால் உயிர். "கண்ணை மூடிக்கிட்டு எப்படிக் கேக்கறா பாரு. கவனம்னா அதுதான்" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார்.

குரல் கரகரக்க ஆரம்பித்தபோது அக்கா கண்டுகொள்ளவில்லை. வெந்நீர் குடித்தார், இருமல் மிட்டாய் சப்பினார், இன்னும் சத்தமாகப் பேசினார். ஒரு நாள் காலையில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. டாக்டர் அம்மா குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, எடுத்தாக வேண்டும் என்றார்.

"எடுத்தப்புறம் கொஞ்ச நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் கூடாது, அது இன்னும் கெடுதல். அதுக்கப்புறமும் இந்தப் பருவம் முடியற வரைக்கும் கிளாஸ்ல குரல் எழுப்பக் கூடாது" என்றார் டாக்டர். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டோம் என்று தெரிந்து, பருவம் முடியும் வரை வீட்டிலும் எழுதித்தான் காட்டுவது என்று அக்கா முடிவு செய்துகொண்டார்.

அக்காவிடம் லீவு மிச்சமில்லை. போன வருஷம் அப்பா படுக்கையில் கிடந்தபோது எல்லாவற்றையும் எடுத்துத் தீர்த்திருந்தார். பெரிய சார், அதாவது எங்கள் தலைமை ஆசிரியர், தட்டியை மடக்கி இரண்டு பிரிவையும் என்னிடம் விட்டுவிடலாம் என்றார். நான் பதறிப்போய் அக்காவைப் பார்த்தேன். அக்கா கையிலிருந்த குட்டி வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினார்: "நான் வர்றேன் சார். வாய்தான் மூடியிருக்கு." பிறகு அதை அழித்துவிட்டு என் பக்கம் திருப்பினார்: "உன் தலையில கட்ட மாட்டேன். பயப்படாதே."

முடிச்சை எடுத்துவிட்டு வந்த முதல் வாரம் கரும்பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எழுதித் தள்ளினார். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். பாவம் டீச்சர் என்று சத்தம் போடாமல் இருந்தார்கள். ஆனால் பரிதாபத்தில் பிறந்த ஒழுக்கம் எத்தனை நாள் தாங்கும்? இரண்டாவது வாரம் தட்டிக்கு அந்தப் பக்கம் சந்தைக்கடை. அக்கா மேஜையைத் தட்டுகிற சத்தம் மட்டும் நடுநடுவே கேட்கும்.

அடுத்தது மின்சாரப் பாடம். எழுதி எழுதி அக்காவுக்குத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. வீட்டுக்காரர் லிஃப்ட் வேலையில் மிஞ்சிய ஒயர் துண்டுகளை ஒரு பை நிறையக் கொடுத்தார். கூடவே பேட்டரியும் சின்ன பல்புகளும். அக்கா அவற்றை பெஞ்சுக்குப் பெஞ்ச் வைத்துவிட்டு, பலகையில் "எரிய வை" என்று மட்டும் எழுதினார்.

முதலில் எரிந்தது ஸ்குருவின் பல்ப். அது பெரிய ஆச்சரியம் இல்லை. எரிந்த பிறகு அவன் அடுத்த பெஞ்சிலிருந்து இன்னொரு பல்பைக் கடன் வாங்கி மாட்டினான். "டீச்சர், ரெண்டு போட்டா ஏன் அழுது வடியுது?" என்று கேட்டான். அதுவரை அவன் வாயிலிருந்து அக்கா கேட்டிருந்த ஒரே கேள்வி "வெளிய போகட்டுமா டீச்சர்?" மட்டுமே. அன்று அவன் பெஞ்ச் பெஞ்சாகப் போய், எங்கே ஒயர் விட்டுப்போயிருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தான்.

மதியம் ஆசிரியர் அறையில் அக்கா சாப்பாட்டைக்கூடத் திறக்காமல் பலகையில் எழுதினார்: "இத்தனை வருஷம் நான்தான் பேசிப் பேசிக் குறுக்கே நின்னேனோ?" எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்த மாதம் முழுக்க அவர் வகுப்பில் பிள்ளைகள் எதையாவது உருட்டிக்கொண்டும் ஊற்றிக்கொண்டும் இருந்தார்கள். பேசாத டீச்சர்தான் நல்ல டீச்சர் என்று நாங்கள் கிட்டத்தட்ட முடிவே கட்டிவிட்டோம்.

அப்போதுதான் ஜட்ஜம்மா பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்தினாள்.

முதலில் வயிற்றுவலி என்றார்கள். அதற்கு முன் நடந்த மாதத் தேர்வில் அவள் பேப்பர் பாதி வெள்ளையாக இருந்தது. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னவோ ஏதோ என்று இருந்தார். அடுத்த நாள் காலை மணி அடிப்பதற்கு முன்னால் அவள் அப்பா வந்தார். பேக்கரியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி போடுகிற வேன் டிரைவர். வேனை வாசலில் நிறுத்திவிட்டு விறுவிறுவென்று வந்தவர், அக்கா கையிலிருந்த பலகையைப் பார்த்துத் தயங்கி நின்றார். அக்காவுக்காக நான் பேசினேன்.

"உட்காருங்க. பொண்ணுக்கு உடம்பு தேவலையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. அவளுக்கு போர்டு தெரியாது."

"தெரியாதுன்னா?"

"கண்ணு தெரியாது டீச்சர். முழுசா இல்லைன்னு இல்ல. மூக்கு கிட்ட வச்சா தெரியும். கண்ணாடி போட்டும் அவ்வளவுதான், பொறந்ததுலேருந்தே அப்படி. இந்த டீச்சர் எல்லாத்தையும் சத்தமா சொல்லிடுவாங்கப்பா, எனக்குக் கவலையே இல்லைன்னு சொல்லிக்கிட்டிருந்தா. வீட்டுக்கு வந்து எனக்கே பாடம் நடத்துவா. இப்ப கிளாஸ்ல எல்லாரும் என்னமோ பண்றாங்க, எனக்கு என்ன நடக்குதுன்னே தெரியலைன்னு அழறா."

"ஏங்க இத்தனை நாள் சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டா. சொன்னா வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம். இன்னிக்கு நான் வந்தது அவளுக்குத் தெரியாது."

அக்கா முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பேனா பலகையில் கீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. "நாளைக்கு அனுப்புங்க" என்று எழுதியிருந்தார்.

அவர் அதைப் படித்துவிட்டு, "அனுப்பறேன். வந்து என்ன பண்ணுவா?" என்று கேட்டார். கேள்வியில் கோபம் இல்லை. அதனால் பதில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. அக்கா அழித்துவிட்டு எழுதினார்: "தெரியல. அனுப்புங்க. கண்டுபிடிக்கிறேன்."

அன்று சாயங்காலம் நான் அக்கா வீட்டில் இருந்தேன். சாப்பாட்டு மேஜையில் பலகை, ஒயர், புத்தகம் எல்லாம் பரப்பிக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்பதைக் கவனம் என்று தான் மெச்சிக்கொண்டிருந்ததை நினைத்து அக்கா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு வேகமாக எழுதினார். "நான் பேசினப்போ ஸ்குருவுக்குக் கதவு சாத்தியிருந்தது. பேசாதப்போ இவளுக்குச் சாத்திட்டேன். பேச்சு தப்பில்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும்ங்கிறதுதான் தப்பு."

"சரிக்கா, அவளுக்கு மட்டும் தனியா ஏதாவது பண்ணுவோம். சாயங்காலம் நான் உட்கார வச்சு வாசிச்சுக் காட்டறேன்" என்றேன்.

அக்கா தலையை ஆட்டி மறுத்தார். தனியாகக் கூப்பிட்டால் அவள் மறுபடி வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "தைச்சு முடிச்ச சட்டைக்கு ஒட்டுப் போடக் கூடாது. வெட்டும்போதே எல்லார் அளவுக்கும் வெட்டணும்" என்று எழுதினார். அதாவது, ஒரு பாடத்தில் பிள்ளைக்கு எது புரிந்தே ஆக வேண்டும் என்பதை முதலில் முடிவு பண்ணுவது. அதற்குள் போக, கேட்க ஒரு வழி, பார்க்க ஒரு வழி, தொட்டுச் செய்ய ஒரு வழி. புரிந்ததை எழுதியும் காட்டலாம், சொல்லியும் காட்டலாம், வரையலாம், செய்தும் காட்டலாம். எந்த வழி யாருக்கு என்று எழுதி ஒட்டக் கூடாது. யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் நுழையலாம்.

"கேக்கற வழிக்கு யாரு பேசறது? என் குரல் சும்மாவே தட்டியைத் தாண்டாது" என்றேன்.

அதுவரை மூலையில் ஸ்குரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரை அக்கா திரும்பிப் பார்த்தார். அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

அப்படித்தான் ஜீரண மண்டலப் பாடம் லிஃப்ட் மெக்கானிக் குரலில் செல்போனில் பதிவானது. ஏற்ற இறக்கமே இல்லாத குரல். "உணவு உணவுக் குழாயில் இறங்குகிறது. இரைப்பையை அடைகிறது. வால்வு மூடுகிறது." பிள்ளைகள் சிரித்துச் சிரித்துத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். இறங்குகிறது, அடைகிறது, மூடுகிறது என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்கள். அந்த வரிசையை எந்தப் பரீட்சையிலும் யாரும் மாற்றி எழுதவில்லை.

வகுப்பின் ஒரு மூலையில் போனும் ஸ்பீக்கரும். இன்னொரு மூலையில் பெரிய எழுத்தில் எழுதிய தாள்களும் படங்களும். நடுவில் மாவு உருண்டையும் கயிறும். ஜட்ஜம்மா கேட்கிற மூலையில் போய் உட்கார்ந்தாள். அவள் மட்டும் இல்லை. வீட்டில் வேறு பாஷை பேசுகிற ஒரு பெண் அந்த வருஷம்தான் சேர்ந்திருந்தாள். அவள் ஒரே வரியை மூன்று நான்கு முறை போட்டுக் கேட்டாள். கண் நன்றாகத் தெரிகிற, பாஷை தெரிந்த பிள்ளைகளும் சும்மா வந்து உட்கார்ந்தார்கள். ஆக, அது யாருக்காக வைத்த மூலை என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. சிறுகுடலின் நீளத்துக்கு ஒரு கயிறு இருந்தது. ஜட்ஜம்மா அதை விரலால் தடவிக்கொண்டே சுவரிலிருந்து சுவர் வரை நடந்தாள். போய்ச் சேர்ந்ததும், "இவ்வளவுமா வயித்துக்குள்ள இருக்கு?" என்றாள். தட்டி இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று என் வகுப்புக்குப் பாதிக் கணக்குதான் நடந்தது.

எல்லாம் இப்படியே நடந்ததா என்றால், இல்லை. முதல் நாள் அக்கா எல்லா மூலையையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டார். ஒரு வாளித் தண்ணீர் கவிழ்ந்து தட்டிக்கு அடியில் ஓடி என் செருப்பை நனைத்தது. இன்னொரு நாள் ஸ்குரு ஸ்பீக்கரையே கழற்றிவிட்டான். அது வீட்டுக்காரருடைய ஸ்பீக்கர். நான்தான் பயந்துகொண்டே சொன்னேன்.

"திருப்பி மாட்டிட்டானா?" என்றார் அவர்.

"மாட்டிட்டான்."

"பாடுதா?"

"பாடுது."

"அப்ப விடுங்க."

ஸ்குருவிடம் வேறு சிக்கல் இருந்தது. செய்து காட்டலாம் என்று சொன்னதும் எழுதுவதற்கே கும்பிடு போட்டுவிட்டான். அக்கா அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவன் செய்ததைப் போனில் சொல்லச் சொன்னார். சொன்னதைத் திருப்பிப் போட்டுக் கேட்கச் சொன்னார். கேட்டதை எழுதச் சொன்னார். அவன் முரண்டு பிடித்தான். ஒரு பக்கம் எழுத ஒரு வாரம் ஆனது. எழுத்தும் கோழி கிளறின மாதிரிதான். ஆனால் எழுத்தில் இருந்தது அவனுடைய சொந்த வாக்கியம்.

பரீட்சை நெருங்கியதும் சில பெற்றோர் பெரிய சாரிடம் போனார்கள். பிள்ளைகள் விளையாடுகிறார்களே ஒழியப் படிக்கவில்லை என்றார்கள். அதே நேரத்தில் அக்காவும் போனார். வாயால் பதில் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லட்டும், பெரிய எழுத்தில் கேள்வித்தாள் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று எழுதிக் காட்டினார்.

பெரிய சார் கெட்டவர் இல்லை, விதியைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பவர். "எல்லாருக்கும் ஒரே பேப்பர், ஒரே முறை. அதுதானேம்மா நியாயம்? ஆளுக்கு ஒரு சட்டம் போட முடியுமா?" என்றார்.

அக்கா எழுதினார்: "கேள்வி ஒண்ணுதான் சார். கேக்கறதும் அதேதான். பதில் வர்ற வழி மட்டும் வேற."

சார் அதைப் படிக்கக் கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டார். அக்கா அந்தக் கண்ணாடியைக் கையால் சுட்டிக்காட்டினார். வேறு எதுவும் எழுதவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சிரிப்பை அடக்க மாட்டாமல், "இந்தப் பருவத் தேர்வுக்கு மட்டும். ஏடாகூடமா ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்றார். பெற்றோர்களிடம் அவரே பேசிக்கொண்டார். அந்த உபகாரத்தை அக்கா இன்றைக்கும் சொல்வார்.

ஏடாகூடமாக எதுவும் ஆகவில்லை. ஜட்ஜம்மா வாயால் பதில் சொல்லி வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். அதோடு நில்லாமல், கணக்குக் கேள்வித்தாள் போடுகிற என்னிடம் அதையும் பெரிய எழுத்தில் கேட்டாள். தனக்குப் போர்டு தெரியாது என்பதை அவளாக வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். ஸ்குரு எழுதித்தான் தேறினான், மயிரிழையில். பாஷை புதிதான பெண் படம் வரைந்து அடியில் ஒற்றை வார்த்தைகள் எழுதியிருந்தாள். எல்லாம் சரி. கடைசி பெஞ்சில் ஒரு நெட்டைப் பையன் இருந்தான். அவனுக்கு மட்டும் எந்த மூலையும் ஒத்துவரவில்லை. எதிலும் உட்கார்ந்தான், எதிலும் ஒட்டவில்லை, தேறவும் இல்லை. அடுத்த வருஷம் அவன் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. "அவனுக்கு எது வழின்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள போயிட்டான்" என்று அக்கா சொல்லும்போது குரல் இன்னும் இறங்கிவிடும்.

ஆமாம், குரல் திரும்பி வந்தது. அடுத்த பருவத்தின் முதல் திங்கட்கிழமை தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ "உட்காருங்க" என்றார்கள். மெல்லிசாக, கொஞ்சம் கரகரப்பாக. என் பிள்ளைகள் புது டீச்சர் வந்திருக்கிறாரா என்று கேட்டார்கள். அந்தப் பக்கமும் அதே சந்தேகம். ஜட்ஜம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "வேற மாதிரி இருக்கு. ஆனா நம்ம டீச்சர்தான்" என்று அறிவித்தாளாம். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் நம்பினார்கள்.

பழைய குரல் வரவே இல்லை. டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஒரு நாள் மட்டும் அக்கா என்னிடம், "எங்க அப்பா அந்தக் குரலுக்குள்ள இருந்தார். அதான் கொஞ்சம் கஷ்டமா இருக்கு" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது இடுப்பில் ஒரு சின்ன ஸ்பீக்கரும் வாயருகே மைக்கும் மாட்டியிருக்கிறார். பேசவேண்டியதைப் பேசுகிறார், மிச்சத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுகிறார். நானும் பின்னங்களைக் காகிதம் மடித்தும் தண்ணீர் ஊற்றியும் நடத்தப் பழகிக்கொண்டேன். எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. தட்டி இடுக்கில் பார்த்ததுதான்.

குரல் திரும்பிய மறுநாள் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போனார். வேனைக் கழுவிக்கொண்டிருந்த ஜட்ஜம்மாவின் அப்பா எங்களைப் பார்த்ததும் பதறிப்போனார். "பொண்ணு ஏதாவது பண்ணிட்டாளா?" என்றார்.

"இல்ல, நன்றி சொல்ல வந்தேன். அன்னிக்கு நீங்க வந்து கேக்கலைன்னா நான் பெருமையா நடத்திக்கிட்டே இருந்திருப்பேன். அவ வெளியில நின்னுருப்பா" என்றார் அக்கா.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நெளிந்தார். "நன்றியெல்லாம் சொல்லாதீங்க டீச்சர். உண்மையைச் சொல்லட்டுமா? அன்னிக்கு நான் சண்டை போடத்தான் வந்தேன். வர்ற வழியெல்லாம் என்னென்ன கேக்கணும்னு பேசிப் பார்த்துக்கிட்டே வந்தேன். வந்து பார்த்தா நீங்க பலகையோட நிக்கறீங்க. பதில் பேச முடியாதவங்ககிட்ட எப்படிச் சண்டை போடறது?"

அக்கா சிரித்தார். அந்தப் புதுக் குரலில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜட்ஜம்மாவின் அப்பா உள்ளே போய் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி ஒன்றைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. திரும்பி நடக்கும்போது அது கையைச் சுட்டது. நாங்கள் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு போனோம்.